விகடக் கலைஞர் டபிள்யூ. சி. பீல்ட்ஸ்: மேடையிலிருந்து திரைக்கு

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பது அவர் கொள்கை. இதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை மேலும் இருவகைப்படுத்தினார். ஒருவன் பிறரை எள்ளுதலும் உண்டு. பிறரால் ஒருவன் எள்ளப்படுதலும் உண்டு. இவ்விரண்டனுள் முன்னையது எவர்க்கும் எளிது. பின்னையதை வாழ்நாள் முழுவதற்கும் உரிய தொழிலாக மேற்கொண்டு, தோல்வியுறும் மனிதன் ஒருவனைப் பல்லாயிரவர் முன் மீண்டும் மீண்டும் நிறுத்தி, அவர்கள் சிரிப்பினூடே இரக்கமும் பிறக்கச் செய்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தோருள் ஒருவர் அமெரிக்க நடிகரும் திரைக்கதை ஆசிரியருமாகிய டபிள்யூ. சி. பீல்ட்ஸ்.

பீல்ட்ஸ் என்றவுடன் இன்று பலர் உள்ளத்தில் எழும் உருவம் ஒன்றுண்டு. பருத்த மூக்கும், உயர்ந்த தொப்பியும், இழுத்து முணுமுணுக்கும் குரலும் உடைய குடிகாரர். குழந்தைகளையும் நாய்களையும் வெறுத்தவர் என்பதே அது. இவ்வுருவத்தின் பெரும்பகுதியை அவரே தம் தொழிலின் பொருட்டு ஆக்கிக்கொண்டார். எஞ்சிய பகுதியைப் பிறர் ஆக்கினர். குழந்தையையும் நாயையும் வெறுப்பவன் முற்றிலுங் கெட்டவனாதல் இயலாது என்னும் கருத்துடைய புகழ்பெற்ற வாசகம் அவர் வாய்மொழியன்று. 1939ஆம் ஆண்டு நிகழ்ந்த விருந்தொன்றில் லியோ ரொஸ்ரன் என்னும் எழுத்தாளர் அவரைக் குறித்துக் கூறியது அது. அவர் கல்லறையில் பிலடெல்பியா நகரைப் பற்றிய நகைமொழி ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது என்றும் கூறுவர். அஃது ஒரு சஞ்சிகையில் 1925இல் வேடிக்கையாக வெளிவந்தது. கல்லறையில் உள்ளவை அவர் பெயரும், பிறப்பிறப்பு ஆண்டுகளுமே. இத்தகைய கதைகள் பெருகப் பெருக, அவற்றின் பின்னிருந்த உழைப்பாளியை உலகம் மறந்துவிட்டது. அவ்வுழைப்பு எத்தகையது என்பதையும், மேடையிற் கற்ற தொழில் எவ்வாறு திரைக்கும் எழுத்துக்கும் உரமாயிற்று என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லியம் குளோட் டுக்கன்பீல்ட் என்பது அவர் இயற்பெயர். 1880ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவை அடுத்த டார்பி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். வண்டியிற் காய்கறிகளும் பழங்களும் கொண்டுசென்று தெருத்தெருவாகக் கூவி விற்றவர். சிறுவன் பதினொரு வயதில் வீட்டைவிட்டு ஓடி, நிலத்திற் குழிதோண்டி அதிற் படுத்துறங்கி வளர்ந்தான் என ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. பீல்ட்ஸே பத்திரிகையாளர்க்குச் சொன்ன கதை அது. 1949இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு ஒன்று அதனை உலகெங்கும் பரப்பிற்று. 1973இல் அவர் பேரர் வெளியிட்ட கடிதங்களும் குறிப்புகளும், பின்வந்த வரலாற்றாசிரியர்களின் ஆராய்ச்சியும் அவர் குடும்பத்தாரோடு தொடர்பு கொண்டே வாழ்ந்தவர் என்பதைக் காட்டின. வறுமை உண்மை, தந்தையோடு பூசல் இருந்ததும் உண்மை, எஞ்சியது புனைவு.

அவர் தொழில் தொடங்கிய அரங்கினைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஏறத்தாழ 1930 வரை அமெரிக்க மக்களின் பெரும் பொழுதுபோக்காக விளங்கியது வோட்வில் என்னும் பல்சுவை மேடையாகும். நாடகம்போல ஒரே கதை அதில் இல்லை. ஒருவர் பாடுவார், அடுத்தவர் ஆடுவார், பின் கழைக்கூத்தர் வருவர், பழக்கிய விலங்குகள் வரும், விகடம் கூறுவோர் வருவர். ஒவ்வொருவர்க்கும் பத்து முதல் இருபது நிமிடங்களே உரியன. ஒரே நிறுவனத்தின் கீழ்ப் பல நகர்களில் அரங்குகள் தொடராக அமைந்திருந்தமையால், கலைஞர் வாரத்திற்கு ஒரு நகராகச் சென்று அதே நிகழ்ச்சியை நடத்துவர். அந்நாளில் ஒரு நகரார் கண்டதை மற்றொரு நகரார் காண வழியில்லை. ஆதலால், பதினைந்து நிமிட நிகழ்ச்சி ஒன்றைச் செம்மையாக அமைத்துக்கொண்டவர் அதனைக் கொண்டே பல ஆண்டுகள் பிழைக்கலாம். நாள்தோறும் ஒன்றையே செய்து, அவையோர் எந்த நொடியிற் சிரித்தனர், எந்த நொடியிற் சோர்ந்தனர் என்று கண்டு, அதற்கேற்பக் குறைத்தும் கூட்டியும் திருத்துவதற்கு இதனினும் சிறந்த பள்ளி வேறில்லை.

பீல்ட்ஸ் 1898ஆம் ஆண்டளவில் இம்மேடையிற் புகுந்தபோது அவர் கையிலிருந்தது பொருள்களை எறிந்து பிடிக்கும் வித்தை. நம் மகளிர் அம்மானை ஆடுங்கால் காய்களை மேலெறிந்து பிடித்தலை ஒத்தது அது. பந்துகளேயன்றித் தொப்பி, கோல், சுருட்டுப்பெட்டி ஆகியவற்றையும் அவர் கையாண்டார். கந்தலாடை அணிந்த நாடோடியின் வேடத்தில் வந்து, ஒரு சொல்லும் பேசாது வித்தை காட்டுவார். பேச்சில்லாமையால் மொழி தடையாகவில்லை. 1901இல் லண்டனிலும் பெர்லினிலும் ஆடினார். பின்னர் அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளுக்கும் சென்றார். பிற்காலத்திற் குடிக்குப் பெயர்போன இவர், கைத்திறன் மழுங்கும் என்று அஞ்சி அக்காலத்தில் மதுவைத் தவிர்த்து வந்தார் என்பது கருதத்தக்கது.

வித்தை காட்டுவோர் அந்நாளிற் பலர் இருந்தனர். அவர்களிடையே பீல்ட்ஸ் தனித்து நின்றமைக்குக் காரணம் அவர் கண்டறிந்த ஓர் உண்மையாகும். குறைவற்ற வித்தையைக் கண்டு அவையோர் வியப்பர். வியப்பு விரைவில் அடங்கிவிடும். கைதவறியது போலத் தோன்றி, வித்தையர் முகத்திற் கலக்கமும் சினமும் படர்ந்து, பொருள் நிலத்தில் விழுமுன் எதிர்பாராத வகையில் மீட்கப்படுமாயின் அவையோர் வியப்பதோடு சிரிக்கவும் செய்வர். ஆனால், தவறுவதுபோல நடித்தல் தவறாது செய்தலினும் கடினம். முழுத்திறமை உடையவனே திறமையின்மையை அளவறிந்து காட்டவல்லவன். இந்நெறியே பீல்ட்ஸின் கலை முழுவதற்கும் அடிப்படை என்று கொள்ளலாம். முதலிற் கையாற் செய்ததைப் பின்னர் அவர் பேச்சாற் செய்தார்; இறுதியில் எழுத்தாற் செய்தார்.

1915ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க் நகரில் சீக்பெல்ட் என்பார் ஆண்டுதோறும் நடத்திய ‘பொலீஸ்’ என்னும் பெருநிகழ்ச்சியிற் சேர்ந்தார். அங்கு அவர் காட்டிய பில்லியர்ட் ஆட்டம் புகழ்பெற்றது. வளைந்து நெளிந்த கோல் ஒன்றை எடுத்து, அதன் நேர்மையை உற்றுநோக்கி, மிகுந்த பெருமிதத்தோடு மேசையை அணுகும் ஆட்டக்காரன் பந்தைத் தொடுவதற்குட் படும்பாடே அந்நிகழ்ச்சி. அதே மேடையில் நடித்தவர் பெர்ட் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர். தாம் கண்டவருள் மிகச் சிரிக்க வைத்தவரும் தாம் அறிந்தவருள் மிகத் துயருற்றவரும் அவரே எனப் பீல்ட்ஸ் கூறினார். தம் மேடையிலே புகழும், தெருவிலே இழிவும் பெற்ற அக்கலைஞரின் நிலை பீல்ட்ஸின் உள்ளத்தைத் தொட்டிருந்தது என்பதற்கு இக்கூற்றே சான்று.

இக்காலத்திலேதான் பீல்ட்ஸ் பேசவும் எழுதவும் தலைப்பட்டார். 1918இல் கோல்ப் ஆட்டத்தைப் பொருளாகக் கொண்டு ஒரு சிறு காட்சியை அமைத்தார். ஆட்டக்காரர் பந்தை அடிக்க ஆயத்தமாகிறார். உதவியாளனின் காலணி கிறீச்சிடுகின்றது. காகிதம் காற்றிற் பறந்து வருகின்றது. எங்கிருந்தோ வந்த தின்பண்டம் கோலில் ஒட்டிக்கொள்கின்றது. பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கின்றது. பின்னர்ப் பல் வைத்தியர், மருந்துக் கடைக்காரர், வீட்டு விறாந்தையில் உறங்க முயல்பவர் எனப் பலரை மையமாகக் கொண்டு இத்தகைய காட்சிகள் தோன்றின. இவற்றின் அமைப்பு ஒன்றே: ஒரு மனிதன் மிகச் சிறிய ஒன்றை விரும்புகின்றான், உலகம் முழுவதும் கூடி அதனைத் தடுக்கின்றது. இவ்வெழுத்துக்களைப் பீல்ட்ஸ் பொருட்படுத்தாது விடவில்லை. மேடைத் தொழிலில் ஒருவர் நகைச்சுவையை மற்றொருவர் களவாடுதல் வழக்கமாயிருந்தமையால், தம் காட்சிகளை ஒழுங்காக எழுதி, கொங்கிரஸ் நூலகத்தைச் சார்ந்த பதிப்புரிமை அலுவலகத்திற் பதிவு செய்தார். திரைக்கதை ஆசிரியராகிய பீல்ட்ஸ் இவ்வாறு மேடையிலேயே உருவானவர்.

திரைப்படத்தோடு அவர் கொண்ட தொடர்பு தொடக்கத்தில் எளிதாக அமையவில்லை. 1915இல் பில்லியர்ட் ஆட்டத்தைக் கொண்ட குறும்படமொன்றில் நடித்தார். 1923இல் ‘பொப்பி’ என்னும் மேடை நாடகத்தில், இன்மொழி பேசி ஏமாற்றித் திரியும் எத்தனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். அந்நாடகத்தை 1925இல் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித் பேசாப்படமாக்கியபோது பீல்ட்ஸுக்கே அப்பாத்திரம் கிடைத்தது. அதன்பின் பரமவுண்ட் நிறுவனத்திற்குப் பேசாப்படங்கள் பல நடித்தார். அவற்றுட் சில இன்று அழிந்துபோயின. பேசாப்படக் காலத்திற் சப்ளின், கீற்றன் போன்றோர் அடைந்த நிலையை அவர் அடையவில்லை. அவர்கள் நகைச்சுவை உடலிலே பிறந்து உடலிலே முடிவது. பீல்ட்ஸின் நகைச்சுவைக்கோ அக்காலத்திற் குரல் இன்றியமையாததாகிவிட்டது. பிறர் செவியிற் படாதவாறு அவர் முணுமுணுக்கும் மறுமொழியே தோல்வியுற்ற மனிதனின் ஒரே பழிவாங்கல். குரலை நீக்கியதும் அம்மனிதனிற் பாதி மறைந்தான். 1928க்குப் பின் அவர் மீண்டும் மேடைக்கே திரும்பினார்.

பேசும்படம் வந்ததும் நிலை மாறிற்று. ஆயின், மேடைக் கலைஞர்க்கு அது புதியதோர் இடரையும் உடன்கொணர்ந்தது. வோட்வில் மேடையில் ஒரு நிகழ்ச்சி பல ஆண்டுகட்குப் போதும் என முன்னர்க் கண்டோம். திரைப்படமோ அதனை ஒரே வாரத்தில் நாடெங்கும் காட்டிவிடும். அடுத்த படத்திற்கு வேறொன்று வேண்டும். இருபது ஆண்டுகளாகத் திரட்டிய சரக்கை ஓரிரு படங்களிற் செலவிட்டு வெறுங்கையராய் நின்ற மேடைக் கலைஞர் பலர். மறுபுறம், அவர்கள் திரும்பிச் செல்வதற்கு மேடையும் இல்லாதொழிந்தது. வோட்வில்லின் தலையாய அரங்காக விளங்கிய நியூயோர்க் பலஸ் அரங்கு 1932இற் படமாளிகையாக மாறிற்று.

பீல்ட்ஸ் இவ்விடரைக் கடந்தமைக்குக் காரணம் அவர் வைத்திருந்தவை வெறுந் துணுக்குகளாக இராமையே. கோல்ப் காட்சி 1930இல் அவருடைய முதற் பேசும் குறும்படமாயிற்று. பல் வைத்தியர் காட்சி 1932இல் மாக் செனற் தயாரித்த குறும்படமாயிற்று. அதனைத் தொடர்ந்து 1933இல் மேலும் மூன்று குறும்படங்கள் அவர் எழுத்தில் வெளிவந்தன. 1934இல் வந்த ‘தி ஓல்ட் பாஷன்ட் வே’ என்னும் படம் ஊர்ஊராகச் செல்லும் நாடகக் குழுவொன்றின் கதை. அதிலே தம் பழைய சுருட்டுப்பெட்டி வித்தையை அவர் ஆடிக் காட்டினார். பீல்ட்ஸின் இளமைத் திறமை எத்தகையது என்பதை நாம் கண்ணாரக் காண உதவுவது அப்படமே.

அதே 1934இல் வெளிவந்த ‘இட்ஸ் எ கிப்ட்’ அவர் படைப்புக்களுட் சிறந்தது என்பது திறனாய்வாளர் பலர் துணிபு. அதன் நாயகன் சிற்றூர்ப் பலசரக்குக் கடைக்காரன். கடுஞ்சொல் மனைவிக்கும் மதியாத பிள்ளைகளுக்கும் இடையே வாழும் அவன், கலிபோர்னியாவில் ஒரு தோடந்தோட்டம் வாங்குவதையே வாழ்வின் கனவாகக் கொண்டவன். இப்படத்தின் நடுவே, 1925ஆம் ஆண்டளவில் மேடைக்கென அமைந்து, 1926இற் பேசாப்படமொன்றிலும் இடம்பெற்ற விறாந்தைக் காட்சி மூன்றாம் முறையாக வருகின்றது. மனைவியின் பேச்சுக்கு அஞ்சி, விடியுமுன் வெளி விறாந்தைக்கு வந்து உறங்க முயல்கின்றான் நாயகன். ஊஞ்சற்கட்டிலின் சங்கிலி அறுகின்றது. பால்காரன் போத்தல்கள் ஒலிக்க வருகின்றான். தேங்காய் ஒன்று படிதோறும் மோதி உருண்டு செல்கின்றது. காப்புறுதி முகவர் ஒருவர், அங்கே வாழாத ஒருவரின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூறி விசாரிக்கின்றார். மேல்மாடிக் குழந்தை துளையினூடே திராட்சைப் பழங்களை அவன் முகத்தில் இடுகின்றது. கடைசியிற் காய்கறி விற்பவன் கூவிக்கொண்டு வருகின்றான். பீல்ட்ஸின் தந்தையார் செய்த தொழிலை எண்ணும்போது இவ்விடத்தில் நம் சிரிப்பு சற்றே வேறுபடுகின்றது.

இக்காட்சியில் ஒருவரும் தீயவரல்லர் என்பது கருதத்தக்கது. பால்காரன் தன் தொழிலைச் செய்கின்றான், முகவர் பணிவோடு பேசுகின்றார், குழந்தை விளையாடுகின்றது. எவரிடமும் குற்றமில்லாத உலகில் ஒரு மனிதனுக்குச் சிறிது உறக்கமும் கிட்டவில்லை. அவனும் கூச்சலிடுவதில்லை, எழுகின்றான், முணுமுணுக்கின்றான், மீண்டும் படுக்கின்றான். எறிந்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக உரிய நொடியில் வந்து வீழ்வதுபோல இடையூறுகள் அளவறிந்து வீழ்கின்றன. கைவித்தையர் கற்ற காலக்கணக்கே ஈண்டுக் காட்சியமைப்பாக மாறியிருக்கின்றது. படத்தின் முடிவில் அவன் வாங்கிய தோட்டம் வரண்ட நிலமாக இருக்கின்றது. ஆயினும் குதிரைப் பந்தயத்திடல் அமைப்போர்க்கு அந்நிலம் தேவைப்படுவதால் நல்விலை பெற்று, விரும்பிய தோடந்தோட்டத்தை அடைகின்றான்.

மறு ஆண்டில், 1935இல், சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ படமாகியபோது மிக்கோபர் என்னும் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முதலில் அமர்த்தப்பட்டவர் சார்ள்ஸ் லோட்டன். அவர் விலகியதால் பீல்ட்ஸ் வந்தார். கடன் தலைக்கு மேலே நிற்பினும் நாளை நன்மை வரும் என்று அணியுரை பேசும் மிக்கோபர், பீல்ட்ஸ் தாமே படைத்த மாந்தர்க்கு மூத்த உறவினர் போன்றவர். ஆங்கிலேயர் ஒலிப்பை மேற்கொள்ளாது தம் குரலிலேயே அவர் பேசினார். எனினும் பாத்திரத்திற்கு அது பொருந்தியே நின்றது. பிறர் எழுதியதைப் பெரும்பாலும் மாற்றாது அவர் நடித்த படங்கள் மிகச் சில. அவற்றுள் இது தலையாயது.

எழுத்தாளராக அவர் கொண்ட புனைபெயர்களும் நகைச்சுவை நிரம்பியவை. ‘இட்ஸ் எ கிப்ட்’ உள்ளிட்ட பல படங்களின் கதை சார்ள்ஸ் போகிள் என்னும் பெயரில் வந்தது. 1940இல் வந்த ‘தி பாங்க் டிக்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர் மகாத்மா கேன் ஜீவ்ஸ் என அறிவிக்கப்பட்டது. நம்மவர்க்கு வியப்பூட்டும் இப்பெயர் காந்தியடிகளைச் சுட்டுவதன்று. மேடை நாடகங்களிற் செல்வர் தம் ஏவலாளனை விளித்துத் தொப்பியும் கைத்தடியும் கேட்கும் ஆங்கிலத் தொடரை விரைந்து சொன்னால் எழும் ஒலியே அது. அப்படத்தின் நாயகன் வேலையற்ற குடிகாரன். தற்செயலாய்த் திருடனைப் பிடித்தவனாகக் கருதப்பட்டு வங்கிக் காவலனாகின்றான். மகளை மணக்கவிருக்கும் வங்கி ஊழியனைத் தூண்டி, வங்கிப் பணத்தைச் சுரங்கப் பங்குகளில் இடச்செய்கின்றான். கணக்குப் பரிசோதகர் வந்துவிடவே, அவரைத் தடுக்க அவன் செய்யும் சூழ்ச்சிகள் கதையை வளர்க்கின்றன. ஈற்றிற் பங்குகள் பொன்னாகின்றன. குடும்பம் அவனை மதிக்கின்றது. தகுதிக்கும் வெற்றிக்கும் தொடர்பில்லாத உலகியலை இதனினும் கூர்மையாக எள்ளிய படங்கள் சிலவே. அவ்வாண்டிலேயே மே வெஸ்டுடன் நடித்த ‘மை லிட்டில் சிக்கடி’ படத்திற்கு இருவரும் எழுத்தாளராகக் குறிக்கப்பட்டனர். பெரும்பகுதியை எழுதியவர் வெஸ்ட் அம்மையாரே.

1941இல் வந்த ‘நெவர் கிவ் எ சக்கர் அன் ஈவன் பிரேக்’ அவர் நாயகனாக நடித்த இறுதிப் படம். பட நிறுவனத்திற்குத் தம் திரைக்கதையைப் படித்துக்காட்ட வரும் பீல்ட்ஸாகவே அதில் அவர் தோன்றினார். கதையைக் கேட்குந்தோறும் தயாரிப்பாளர் பொறுமையிழந்து, ஈற்றில் அதனை மறுத்து அனுப்புகின்றார். தணிக்கையின் பொருட்டு மதுச்சாலைக் காட்சி பனிக்கூழ்க் கடைக் காட்சியாக மாற்றப்பட்டபோது, அதனைப் படத்துள்ளேயே நம்மை நோக்கித் திரும்பிச் சொல்லிவிடுகின்றார். படத்திற்கு அவர் இட விரும்பிய பெயரும் வேறு. நிறுவனம் தன் விருப்பப்படி வைத்தது. ஹொலிவூட் முறைமையின்கீழ் எழுத்தாளன் நிலை யாது என்பதற்கு இப்படமே சான்றாகும்.

அவர் வாழ்வின் பிற்பகுதி துயரமானது. இளமையில் தொழிலுக்காக ஒதுக்கிய மது முதுமையில் அவரை ஆட்கொண்டது. 1936இற் கடுமையாக நோயுற்றார். 1937இல் வானொலியில் எட்கர் பேர்கன் பேசவைத்த மரப்பாவையோடு சொற்போர் புரிந்து மீண்டும் புகழ்பெற்றார். மேடையில் வேடமாக இருந்த குடிகாரன் வாழ்வில் உண்மையானான். உலகமோ அதனையும் வேடிக்கை என்றே சிரித்தது. 1944இல் வந்த ஒரு படத்தில் தம் பில்லியர்ட் ஆட்டத்தை இறுதியாக ஆடினார். 1946ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், நத்தார்த் திருநாளன்று, பசடேனா நகரில் 66ஆம் வயதிற் காலமானார். அவர் எழுதிவைத்த மரண சாசனம் அனாதைக் குழந்தைகட்கு ஒரு கல்லூரி அமைக்கும்படி பணித்தது. ஆயினும் அது வெள்ளையினக் குழந்தைகட்கே உரியது என வரையறுத்தது. பிரிந்து வாழ்ந்த மனைவியும் மகனும் வழக்குத் தொடர்ந்தமையால் அக்கல்லூரி தோன்றவில்லை. பெர்ட் வில்லியம்ஸின் துயரை உணர்ந்து கூறியவரே இவ்வரையறையையும் எழுதினார் என்பது அவர் வரலாற்றில் மறைக்கத்தகாத முரண்பாடு. கலைஞரைப் போற்றுவோர் அவர் குறையையும் உடன்வைத்தே எண்ணுதல் வேண்டும்.

அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1980இல் அமெரிக்க அரசு அவர் உருவந் தாங்கிய அஞ்சல் முத்திரை வெளியிட்டது. பேணத்தக்க படங்களெனக் கொங்கிரஸ் நூலகம் தேர்ந்த தேசியப் படப் பட்டியலில் ‘தி பாங்க் டிக்’ 1992இலும், ‘இட்ஸ் எ கிப்ட்’ 2010இலும் இடம்பெற்றன. சிறப்புகள் இவ்வாறு பல வரினும் மாணவர் சிந்திக்கத்தக்க செய்தி வேறொன்றுண்டு. புதுமை என்பது நாள்தோறும் புதியதைத் தேடுவது என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பீல்ட்ஸ் தம் வாழ்நாளில் அமைத்த காட்சிகள் எண்ணிக்கையிற் சிலவே. பில்லியர்ட் மேசையருகே 1915இலும் நின்றார், 1944இலும் நின்றார். விறாந்தைக் காட்சி செம்மை பெற ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. ஒன்றையே எடுத்து, அவையறிந்து, மெருகிட்டு, மேடை மாறியபோது அதற்கேற்ப உருமாற்றி, ஈற்றில் எழுத்திலும் நிலைபெறச் செய்தமையாலேயே வோட்வில் மறைந்த பின்னரும் அவர் கலை மறையவில்லை. தொண்ணூறாண்டு கடந்தும், உறக்கம் நாடி விறாந்தையிற் படுத்த அக்கடைக்காரனைக் காண்போர் சிரிக்கின்றனர். சிரித்துக்கொண்டே, அவனை இன்னும் சிறிது நேரம் உறங்க விட்டாலென்ன என்றும் எண்ணுகின்றனர்.